வீடு கூட்டும் ரோபோ: பிளக்கைச் செருகுவதற்கு முன்

2009இல் அம்மா வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக்காலுடன் நடப்பார், சமைப்பார், கோழிகளுக்குத் தீன் போடுவார். குனிந்து கூட்டுவதும் கட்டிலுக்குக் கீழே தும்புத்தடியை விடுவதும்தான் முடியாது. சென்ற வருடம் கனடாவில் இருக்கும் தம்பி, வீடு கூட்டும் ரோபோ ஒன்றை அனுப்பினான். இப்படி வெளிநாட்டு உறவுகளிடமிருந்து இது வந்திறங்கும் வீடுகள் இன்னும் இருக்கும் என்பதால், நாங்கள் பட்டறிந்ததை எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் பிளக்கைச் செருகாதீர்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜ் ஏறும் தளத்தின் அடியிலோ அடப்டரிலோ 'இன்புட்' என்றிருக்கும் வரியைப் பாருங்கள். 100–240 என்றிருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு அடப்டர் போதும். 120 மட்டும் என்றிருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகக்கூடாது, எரிந்துவிடும். குப்பையைத் தானே உறிஞ்சி எடுக்கும் உயரமான தளங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். லண்டனிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்ததென்றால் இந்தப் பயம் இல்லை.

தளத்தைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும். இரு பக்கமும் அரை மீற்றர், முன்னால் ஒன்றரை மீற்றர் வெறுமையாக இருந்தால்தான் ரோபோ சரியாகத் திரும்பி வந்து சேரும். நான் முதலில் அம்மாவின் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் வைத்துவிட்டேன். இரவில் காலைக் கழற்றிவிட்டு ஊன்றுகோலுடன் போனவர் அதில் தடக்கி விழப் பார்த்தார். ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பாவிப்பவர் உள்ள வீட்டில், நடக்கும் பாதைக்கு வெளியே ஒரு மூலைதான் இதற்கு இடம். கண்பார்வை இழந்தவர் இருந்தால், அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும், சொல்லிவிட்டு ஓட விடுங்கள்.

பெரும்பாலான ரோபோக்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். போன் 5 கிகாஹேர்ட்ஸில் இருந்ததால் எங்களுக்கு அரை நாள் வீணானது. வைஃபை இல்லாத வீட்டிலும் மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் கூட்டும்.

முதல் ஓட்டத்தில் வீட்டின் வரைபடத்தைக் கீறிக்கொள்ளும். அன்றைக்கு எல்லா அறைக் கதவுகளையும் திறந்து, வயர்களையும் பாய்களையும் தூக்கி, தொங்கும் சேலைத் தலைப்புகளைச் செருகிவிடுங்கள். 2 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த நிலைப்படியில் பொதுவாக ஏறாது. விறாந்தைப் படியில் விழாமல் அடியிலுள்ள உணரிகள் தடுக்கும். அவற்றில் தூசி படிந்தால் சமதரையையும் பள்ளமென்று நினைத்து நின்றுவிடும், உலர்ந்த துணியால் துடைத்தால் சரி. சில ரோபோக்கள் கறுப்பு மாபிளிலும் இப்படித்தான் நிற்கும்.

என்னை அதிகம் வருத்தியது சத்தம். செயலியில் அதிகாலை 5 மணிக்கு நேரம் குறித்துவிட்டுப் படுத்தேன். இருட்டில் தானாகவே இரையத் தொடங்கியது. அம்மா எழும்பி, "படுங்கோ, வண்டு சுத்துது" என்று கத்தினார். வன்னியில் வேவு விமானத்தை வண்டு என்றுதான் சொல்வோம். அது சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

நேர அட்டவணையை அழித்தேன். உறிஞ்சும் வேகத்தை அமைதி நிலைக்குக் குறைத்தேன். அது பேசும் குரலையும் நிறுத்தினேன். இப்போது காலை தேநீருக்குப் பிறகு அம்மாவே ஊன்றுகோல் நுனியால் பொத்தானை அழுத்துகிறார். தான் தொடக்கிய சத்தம் அவரைப் பயமுறுத்துவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தானியங்கி நேரத்தைத் தொடவே வேண்டாம்.

வாங்கப்போகும் உறவினரிடம் கமரா இல்லாத ரோபோவைக் கேளுங்கள். லேசர் கதிரால் தூரம் அளந்து ஓடுபவை இருட்டிலும் வழி கண்டுபிடிக்கும். பரிசோதனை ரோபோக்கள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் சமூக ஊடகங்களுக்குக் கசிந்ததை 2022இல் எம்.ஐ.ரி. டெக்னோலஜி ரிவியூ வெளியிட்டது. குடும்பத்தோடு நிற்கவைத்துப் படமெடுத்து வீடு வீடாகப் பதிந்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். குசினியிலும் படுக்கையறையிலும் இன்னொரு கமரா எதற்கு?

எங்கள் செம்மண்ணுக்குக் குப்பைப் பெட்டியை ஒவ்வொரு நாளும் கொட்ட வேண்டும். வடிகட்டியைக் கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் கழுவி, 24 மணிநேரம் காயவிட்டுப் போடுங்கள். பிரஷில் சுற்றிய தலைமயிரைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கலாம். பழுதான பற்றரியை வளவுக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், லிதியம் பற்றரி வெடிக்கும்.

முற்றத்துக்கு இது உதவாது. அதை இப்போதும் நான்தான் விளக்குமாற்றால் கூட்டுகிறேன்.