தருமபுரியில் வரி வாங்கியவர் எண்ணிப் பார்த்த பள்ளிக்கூடங்கள்

"பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்கு மாப்ளே சரித்திரப் புத்தகம்?"

கேட்டவர் என் தாய்மாமா. தருமபுரியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கடன் நோட்டுக்குக் கீழே நான் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கேட்டார். வகுப்பில் நண்பர்கள் கேட்பதும் இதே கேள்விதான், கொஞ்சம் கிண்டல் சேர்த்து. இத்தனைக்கும் நாங்கள் படிப்பது 'கலைக் கல்லூரி' என்று பலகை மாட்டிய இடத்தில்!

மேல்நாட்டில் 'கலைகள்' என்று முதலில் சொன்னது ஏழு பாடங்களை. இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். அடிமையாக இல்லாத மனிதன் கற்க வேண்டியவை என்று பொருள். கவனியுங்கள், நம்ம எண்கணிதமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. நாம் முதலாண்டில் படிக்கும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சில் விளக்கிய லூக்கா பசியோலி ஒரு துறவி. அவருடைய இன்னொரு நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் லியோனார்டோ டாவின்சி. கணக்கு ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று பாகப்பிரிவினை செய்தது பிறகு வந்தவர்கள்தான்.

சரி, இத்தாலி இருக்கட்டும். நம்ம ஊருக்கு வருவோம்.

1792இல் திப்பு சுல்தானுடன் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லாம் அதில் அடக்கம். நிலத்தை அளந்து வரி போட கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் சில ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். அதில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை, ஏழு ஆண்டுகள், தருமபுரியைத் தலைமையிடமாக வைத்து வேலை பார்த்தார். ஜமீன்தார் இடையில் இல்லாமல் உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான். பின்னால் அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் போனது.

இந்த மன்றோ யார்? 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா புகையிலை வியாபாரி. மன்றோ அங்கே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் (அதாவது நம்ம ஆள்!). அமெரிக்க விடுதலைப் போரில் அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போகவே, 1780இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 'டான் குவிக்ஸாட்' நாவலை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்று ஸ்பானிய மொழியைத் தானாகக் கற்றவர். இங்கே வந்து பாரசீகம் படித்தார். ஒரு பாரசீகச் சுவடியில், 'வெனிஸ் நகர வணிக'னில் வரும் ஷைலக் கதையைப் போலவே, கடனுக்கு ஈடாக ஒரு பவுண்டு சதை கேட்கும் கதை இருப்பதைப் பார்த்து மொழிபெயர்த்து அனுப்பினார். அது எட்மண்ட் மலோன் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பில் குறிப்பாக இடம்பெற்றது. சாதாரணப் படை அதிகாரிக்கு இதனால் சம்பளம் ஒரு காசு கூடியிருக்காது.

அவரைப் புகழ இதை எழுதவில்லை. அவர் வந்தது வரி வாங்க. நன்றாகவே வாங்கினார். படித்தவன் நல்லவனாக இருப்பான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் சொல்ல வருவது வேறு.

மன்றோ 1820இல் சென்னையின் கவர்னர் ஆனார். 1822 ஜூன் 25 அன்று ஒரு குறிப்பு எழுதினார். அதன் சாரம் இது. நிலத்தை அளந்தோம், விளைச்சலைக் கணக்கெடுத்தோம், மக்கள்தொகையை எண்ணினோம். ஆனால் இந்த மக்களின் கல்வி எப்படி இருக்கிறது என்று அறிய எதுவுமே செய்யவில்லை, ஆளாளுக்கு ஊகமாகப் பேசுகிறோம். ஆகவே ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரும் தம் எல்லையில் உள்ள பள்ளிகளையும் மாணவர்களையும் எண்ணி அனுப்ப வேண்டும். நாற்பது வருடம் பேரேடு பார்த்த ஒருவர், பேரேட்டில் இல்லாத ஒரு பத்தி உண்டு என்று கண்டுபிடிக்கிறார். இந்தக் கேள்வி நில அளவைச் சங்கிலியிலிருந்து வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பதில்கள் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச் 10 தேதியிட்ட குறிப்பில் தொகுத்துத் தந்தார். மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. மாணவர்கள் 1,88,650. 67 பேருக்கு ஒரு மாணவர் என்கிறார் மன்றோ. (வகுத்துப் பார்த்தேன், 68 வருகிறது. பரவாயில்லை.) ஐந்து முதல் பத்து வயதுப் பையன்களில் சுமார் நான்கில் ஒருவர் பள்ளிக்குப் போனார், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்று மதிப்பிட்டார். பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு. தரம்பால் 1983இல் இந்தப் பதிவேடுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகு, அந்தக் காலத்தில் இங்கே எல்லோரும் படித்திருந்தார்கள் என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாத இருட்டு என்றும் சொல்லவில்லை.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் என்ன கற்றார்கள்? மணலில் விரலால் எழுத்து. ஆத்திசூடி. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று. காசுக் கணக்கும் நெல் அளவையும் நிலக் கணக்கும் நீதிநூலும் ஒரே திண்ணையில், ஒரே வாத்தியாரிடம். ஔவையைப் படிக்கும் பையன் வேறு, வட்டி போடும் பையன் வேறு என்று அவர்கள் பிரிக்கவில்லை. அதியமானின் தகடூர்தான் நம் தருமபுரி என்பதை நினைத்தால், ஔவை இங்கே இரண்டு முறை வந்திருக்கிறாள் என்று சொல்லலாம். (சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி ஔவை வேறு என்று தமிழ்த்துறை நண்பர்கள் சண்டைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

வந்த பதில்களில் பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823இல் எழுதியதுதான் முக்கியமானது. பள்ளிகள் நலிந்துவருகின்றன, காரணம் மக்களின் வறுமை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐரோப்பியத் துணி வந்து உள்ளூர் நெசவைக் கெடுத்ததையும், பணம் ஊரைவிட்டு வெளியே போவதையும் காட்டினார். இதில் ஒரு வேடிக்கை. 1800 முதல் 1807 வரை பெல்லாரி உள்ளிட்ட பகுதிக்குத் தலைமைக் கலெக்டராக இருந்து வரி விதித்தவர் மன்றோவேதான். தான் கேட்ட கேள்விக்குத் தன் பழைய மாவட்டத்திலிருந்தே பதில் வந்தது. 1826 குறிப்பில் அவரும் வறுமையைக் காரணமாக எழுதினார்.

பிறகு ஒரு திட்டம் போட்டார். கலெக்டர் எல்லைக்கு இரண்டு என்று 40 பள்ளிகள், ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில்களில் 300 பள்ளிகள், ஆசிரியருக்கு 9 ரூபாய். பாடநூல் சங்கத்துக்கு மாதம் 700. கூட்டினால் மாதம் 4,000, வருடம் 48,000 ரூபாய். இந்தக் கூட்டல் சரியாக வருகிறது! 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் மன்றோ இறந்தார். 300 பள்ளி என்ற கணக்கு எட்டப்படவே இல்லை. திறந்தவையும் 1836இல் கைவிடப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான் மெக்காலேயின் குறிப்பு வந்திருந்தது. கொஞ்சம் பேருக்கு ஆங்கிலத்தில் உயர்கல்வி போதும் என்று காற்று திசைமாறிவிட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. தருமபுரியில் அரசு கலைக் கல்லூரி வர 1965 ஆனது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது, 68.5 சதவீதம்.

போன ஞாயிறு இந்தத் திட்டத்தை மாமாவிடம் சொன்னேன். கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டியும் காட்டினேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"வருசம் நாப்பத்தெட்டாயிரம். இதை எந்தக் கணக்குல இருந்து எடுத்தான்?"

"பெரும்பாலும் நிலவரிதான் மாமா. நம்ம பக்கம் அளந்து போட்டது."

"அப்ப நம்ம காசு" என்றவர், பருப்பு நிறுக்கப் போனார். திரும்பி வந்து, "மொத்தம் எவ்வளவு வசூல் பண்ணான், அதையும் எழுதுடா பக்கத்துல" என்றார்.