ஆறு கட்டைகளும் ஓர் ஓடாவியும்

அண்மையில் கல்முனைக் கடைத்தெருவில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மரப் புதிர் வாங்கினேன். ஆறு சிறு கட்டைகள் மும்முனையாகக் கோத்த விளையாட்டுப் பொருள். ஆணியில்லை, பசையில்லை. ஒரு கட்டையைத் தள்ளியதும் முழுவதும் மடியில் உதிர்ந்தது. உதிர்க்க ஒரு நிமிடம். சேர்க்க இரண்டு இரவுகள் முயன்றும் இயலவில்லை.

தோல்வி வரலாற்றைத் தேடச் செய்தது. சீனர் இதனைப் பண்டைய தச்சர் லூ பானின் பெயரால் 'லூ பான் பூட்டு' என அழைப்பர். அவரே கண்டுபிடித்தார் என்பது மரபுக் கதையே. ஐரோப்பாவில் 1785இல் பெர்லின் வணிகர் கட்டேலின் விற்பனைப் பட்டியலில் இவ்வகைப் புதிர் 'சாத்தானின் நகம்' என்ற பெயரில் இடம்பெற்றது. 1928இல் எட்வின் வயட் மரப் புதிர்கள் பற்றிய தமது நூலில், ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முட்காயின் பெயரான 'பர்' என்பதை இதற்குப் பயன்படுத்தினார்.

பின்னர் கணிதவியலாளரும் வந்து சேர்ந்தனர். உள்ளே வெற்றிடமின்றிப் பொருந்தும் எளிய வகைக்கு, 25 விதக் கட்டைகளைக் கொண்டு 314 தீர்வுகள் உள்ளன என அமெரிக்கரான பில் கட்லர் கணினியின் துணையுடன் கண்டறிந்தார். 1978 ஜனவரியில் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இப்புதிர் பற்றி எழுதினார். வெற்றிடம் உள்ளவற்றையும் சேர்த்து 3,565 கோடிக்கும் அதிகமான பொருத்தங்களைக் கட்லர் ஆராய்ந்து முடித்தது 1990இல்.

என் மேசையிலிருந்த ஆறு கட்டைகளுக்கு இவை எதுவும் உதவவில்லை. கதவு திருத்த வந்த அயலூர் ஓடாவிக் காக்காதான் உதவினார். எழுபதைக் கடந்தவர். அவர் கட்டைகளைச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் வெட்டையும் விரலால் தடவினார். வெட்டே இல்லாத ஒன்றை எடுத்து ஒதுக்கினார்.

"தம்பி, இதுதான் ஆணி. இது கடைசிக்கு" என்றார்.

மற்ற ஐந்தும் அவர் கையில் அமைதியாக அமர்ந்தன. ஆறாவது நடுவழியே நுழைந்து அனைத்தையும் பூட்டியது.

அப்போது எனக்குக் கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயம் நினைவுக்கு வந்தது. கம்பளை அரசுக் காலமான 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தலத்தின் மேளதாள மண்டபக் கூரையில், 26 கைமரங்களின் முனைகளை 'மடொல் குருபாவ' எனும் ஒரே மர ஆணி இறுக்கிப் பிடித்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீடுகளில் குர்ஆன் வைத்து ஓதும் ரேஹாலைப் பாருங்கள். ஒரே பலகையை அதன் கனத்தில் பிளந்து, நடுவே ஒன்றினுள் ஒன்று பொருந்தும் கணுக்களைச் செதுக்கி, ஆணியின்றி விரியச் செய்கின்றனர். அதன்முன் அமர்ந்து எழுத்துக் கற்ற நான், அது எவ்வாறு விரிகிறது என ஒருநாளும் கேட்டதில்லை.

இப்புதிரைக் கண்டுபிடித்தவர் யாரென்ற வினாவுக்கு ஒரு பெயர் கிடைக்காததில் வியப்பில்லை. மரத்தை மரத்தால் பூட்டும் நுட்பம் தச்சர் வாழ்ந்த ஊரெல்லாம் இருந்தது. விளையாட்டு அதன் உதிர்ந்த சீவல் எனலாம்.

கூலி கொடுக்கும்போது, உளிகளை யாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மூத்தவன் கட்டாரில், இளையவன் வங்கியில்" என்று சிரித்தார்.

கட்லரின் கணக்கு அச்சில் இருக்கிறது. எவரும் எடுத்துப் படிக்கலாம். ஓடாவிக் காக்கா விரலால் தடவி அறிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. செய்தியாளனாக இத்தனை ஆண்டுகள் எழுதியும் நானும் எழுதியதில்லை. அடுத்த வாரம் குறிப்பேட்டுடன் அவர் வீட்டுக்குச் செல்ல இருக்கிறேன்.