சில்பியின் மசிக்கோடுகள்

ஓவியர் மாலியின் கோட்டுச் சித்திரங்களால் ஆனந்த விகடன் இதழ் பிரசித்தி பெற்றிருந்த நாளில், சித்திரத்தைத் துத்தநாகத் தகட்டில் படியவைத்து அமிலத்தால் அரித்தெடுக்கும் ‘லைன் பிளாக்’ முறையில் கறுப்பும் வெண்மையுமன்றி இடைப்பட்ட சாம்பல் நிறம் விழாதாகையால், நிழல் முழுவதையும் குறுக்குக் கோடுகளாலும் புள்ளிகளாலுமே உண்டாக்கவேண்டிய நிர்ப்பந்தம் சித்திரக்காரருக்கு இருந்தது. நிப்பைச் சற்று அழுத்தினால் இரு முனைகளும் விரிந்து கோடு பருக்கும். கை தளர்ந்தால் மயிரிழையாகும். அந்த ஏற்றத்தாழ்விலேதான் உருவத்தின் திரட்சி முழுவதும் அடங்கியிருந்தது.

இந்த நிர்ப்பந்தத்தையே ஐசுவரியமாக்கிக்கொண்டவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, மாலி சூட்டிய ‘சில்பி’ என்னும் பெயராலேயே அறியப்பட்ட பி. எம். சீனிவாசன். ஆலயந்தோறும் நேரில் சென்று, விக்கிரகங்களின் ஆபரணங்களையும் முகபாவத்தையும் சிரத்தையோடு அவர் விகடனில் வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடர், நம் சிற்பங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. பழைய விகடன் இதழ்களை வைத்திருப்போர் அவற்றைக் கழிக்காமல் பாதுகாக்க வேண்டுகிறேன்.