அட்டைப்படப் பெண்: கதை ஒன்று, கடை வேறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான அமெரிக்கக் கதைச் சஞ்சிகைகள் 'பல்ப்' சஞ்சிகைகள் என அழைக்கப்பட்டன. அவற்றின் அட்டைகளில் பெண்கள் பெரும்பாலும் ஆபத்தில் சிக்கியவர்களாக, குறைந்த ஆடையுடன் சித்தரிக்கப்பட்டனர்.

ஆண்களுக்காக ஆண்கள் வரைந்தவை என்றே இவை பொதுவாக விளக்கப்படுகின்றன. ஆனால், 1923இல் தொடங்கப்பட்ட 'வியர்ட் டேல்ஸ்' சஞ்சிகையின் வரலாறு சற்றுச் சிக்கலானது.

பெண் ஓவியர்

1932 முதல் 1945 வரை அதன் 60க்கும் மேற்பட்ட அட்டைகளை வரைந்தவர், சிக்காகோவைச் சேர்ந்த மார்கரெட் பிரண்டேஜ். 'எம். பிரண்டேஜ்' என்றே அவர் கையொப்பமிட்டதால், அவர் பெண் என்பதைத் தொடக்கத்தில் வாசகர்கள் அறிந்திருக்கவில்லை.

1934 அக்டோபர் இதழில் சி.எல். மூர் எழுதிய கதையின் நாயகி ஜிரெல், வாளேந்திப் போரிடும் தலைவி. அட்டையிலோ அவர், ஆடை குறைந்த நிலையில் ஒரு சிலையை முத்தமிடும் அழகி. எழுதியவர், வரைந்தவர் இருவருமே பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

எந்தக் காட்சி அட்டைக்கு வரவேண்டும் என்ற இறுதி முடிவு ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டிடம் இருந்தது. நிதி நெருக்கடியில் இருந்த சஞ்சிகைக்கு, கடையில் தொங்கும் அட்டையே முதல் விளம்பரம். இப்படங்களின் நிர்வாணம் குறித்து வாசகர் கடிதங்களிலேயே விவாதம் நடந்தது.

1938இல் சஞ்சிகை கைமாறி நியூயார்க்கிற்குச் சென்றது. அந்நகர மேயர் லகார்டியாவின் காலத்தில் ஆபாசத்திற்கு எதிரான கெடுபிடிகள் வலுத்திருந்தன. பிரண்டேஜின் அட்டைகள் அரிதாயின.

தமிழ் மாத நாவல்கள்

பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய தமிழ் மாத நாவல்களிலும் இதே வணிகக் கணக்கைக் காணலாம். துப்பறியும் கதைகளின் அட்டைகளில் பெண்ணின் முகத்தோடு துப்பாக்கியோ இரத்தமோ இடம்பெற்றன. பெண் வாசகர்களைப் பெருமளவில் ஈர்த்த ரமணிசந்திரனின் குடும்ப நாவல்களில், அமைதியான அழகுடைய பெண்ணே முன்னிறுத்தப்பட்டார். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட பின்னர், வெளிநாட்டு வாசகர்களின் கவனமும் இவற்றின் மீது திரும்பியது.

ஆக, இந்த அட்டைகள் அக்காலப் பெண்களைக் காட்டுவதைவிட, வாங்குபவர் எதை விரும்புவார் என்ற விற்பவரின் கணிப்பையே அதிகம் காட்டுகின்றன. பெண் ஒருவர் தூரிகையைப் பிடித்திருந்தும், அந்தக் கணிப்பை மாற்றும் அதிகாரம் அவரிடம் இருக்கவில்லை.