அஞ்சல்வழியிலிருந்து இணையவழிக்கு: சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பார்வை

சங்கரநாராயணர் கோயிலுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கும் விசைத்தறிகளுக்கும் பெயர்பெற்ற சங்கரன்கோவில், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்பகுதிக்குரிய பல்கலைக்கழகமோ மதுரையில் இருந்தது. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்த நெல்லைச் சீமைக்கு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்தான் வந்தது. தறியையோ கடையையோ விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக முடியாதவருக்குப் பட்டப்படிப்பு எட்டாத பொருளாகவே இருந்தது. அதை முதலில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் தபால்காரர்.

மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், வானொலி, தொலைக்காட்சித் துணையோடு, தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இவ்வழிக்கு வந்தன. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்பது தமிழ்நாட்டில் அன்றாடப் பேச்சாயிற்று. அச்சிட்ட பாடங்கள் தபாலில் வரும், விடுமுறை நாட்களில் சில தொடர்பு வகுப்புகள் நடக்கும், பிறகு தேர்வு. ஆசிரியர், தாசில்தார் அலுவலக எழுத்தர், திருமணத்தால் படிப்பு நின்ற பெண் எனப் பலர் இப்படித்தான் பட்டம் பெற்றார்கள். சந்தேகம் கேட்க ஆளில்லாமல், பிரிக்காத பாடக்கட்டைப் பரணில் போட்டவர்களும் உண்டு. அவர்கள் எந்தக் கணக்கிலும் பெருமையாகச் சொல்லப்படவில்லை.

இணையவழிப் படிப்பு தபாலின் வேகக்குறையைத்தான் முதலில் போக்கியது. தனிமையை அவ்வளவு எளிதில் போக்கவில்லை. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கியது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 முதல் நடத்திவரும் என்பிடெல், 2014இல் சான்றிதழ்ப் பாடங்களைத் தந்தது. 2017 ஜூலையில் ஸ்வயம் தளம் வந்தது. உலகம் முழுவதும் பெருந்திரள் இணையப் பாடங்களில் சேர்பவர்களில் மிகச் சிலரே முடிக்கிறார்கள். பணம் கொடுக்காமல் சேரலாம் என்பதால் சேர்வதும் எளிது, விடுவதும் எளிது.

ஆகவே மாணவர் முதலில் கேட்க வேண்டியது, ‘எத்தனை காணொளி?’ என்பதல்ல, ‘மதிப்பெண் எப்படி, தேர்வு எங்கே?’ என்பது. என்பிடெல்லில் பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, மேற்பார்வையில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 இரண்டும் இருந்தால்தான் சான்றிதழ். கெடு தேதி தவறினால் கெஞ்ச அங்கே ஆள் கிடையாது! பாடம் வீட்டில் என்றாலும் தேர்வு மையம் வெளியூரில். சங்கரன்கோவில் மாணவர் தேர்வன்று திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பேருந்து பிடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து அங்கீகாரம். அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகப் பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மட்டும், பல ஆண்டு கழித்து, மறுதேர்வு எழுத வேண்டியதாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு நிகர் என்று 2022இல் அறிவித்தது. ‘அங்கீகரித்த’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பருவப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்க 2021 விதிமுறை இடம் தருகிறது. ஆனால் தன் கல்லூரி அதை ஏற்கிறதா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பாடத்தைப் பதிவு செய்துவிட்டால் வேலை தீர்ந்தது என்பது தவறான கணக்கு. எழுத்தில் வரும் கேள்விகளுக்கு விடை எழுதுவது வகுப்பில் வாய்மொழியாகச் சொல்வதைவிட நேரம் பிடிக்கும். கல்லூரிகளில் வழிகாட்டியாக இருப்பவர், யார் ஒப்படைப்பை விட்டார் என்று வாரந்தோறும் பார்த்தால்தான் மாணவர் நிற்பார். பழைய தொடர்பு வகுப்பில் கிடைத்த ஆள் முகம் இப்போது அவருடையதுதான்.

சென்னை ஐஐடி 2020 ஜூனில் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பு இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. ஜேஇஇ எழுதாதவரும் நான்கு வாரம் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம்; வயது வரம்பு இல்லை. முக்கியத் தேர்வுகளை மட்டும் மையத்துக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும்.