பின்லாந்து – எஸ்தோனியா: வாழ்க்கைத்தர ஒப்பீடு

பின்லாந்து வளைகுடாவின் வடகரையில் பின்லாந்தும் தென்கரையில் எஸ்தோனியாவும் உள்ளன. தலைநகரங்களான ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர் கடல்; கப்பலில் இரண்டு மணி நேரப் பயணம். பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 56 லட்சம், எஸ்தோனியாவினுடையது 14 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மொழிகள் ஒரே குடும்பத்தவை. தேசிய கீதங்களுக்கு மெட்டும் ஒன்றே. இரு நாடுகளும் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்து, 1917, 1918ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து விடுதலை பெற்றன. இவ்வளவு ஒற்றுமை இருந்த இரு சமூகங்களை அரை நூற்றாண்டு வெவ்வேறு ஆட்சிமுறைகள் பிரித்துவைத்தன. வாழ்க்கைத்தரத்தை எது உருவாக்குகிறது என்று ஆராய்வோர் இந்த இணையைத் தேடி வருவது அதனால்தான்.

வரலாற்றுப் பின்னணி

1930களில் பின்லாந்து சற்று முன்னே நின்றாலும், இரண்டும் ஒப்பிடத்தக்க நிலையில் இருந்த வேளாண் நாடுகள். 1939–40 குளிர்காலப் போரிலும் அதைத் தொடர்ந்த போரிலும் பின்லாந்து தன் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழந்தது. இடம்பெயர்ந்த நான்கு லட்சத்துக்கும் அதிகமான கரேலிய மக்களுக்குக் குடியிருப்பு தேடித் தந்தது. சோவியத் ஒன்றியத்துக்கான இழப்பீட்டை 1952க்குள் கட்டி முடித்தது. ஆனால் சுதந்திரத்தை இழக்கவில்லை. எஸ்தோனியா 1940இல் சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. 1949 மார்ச்சில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாயின.

இடைவெளி எவ்வளவு என்பது எஸ்தோனியர்களுக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்தது. வட எஸ்தோனியாவில் பின்லாந்துத் தொலைக்காட்சியின் அலைகள் எட்டின; மொழியும் புரிந்தது. கடைகளில் வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்கள், மாலையில் பின்லாந்துக் கடைகளின் விளம்பரங்களைப் பார்த்தார்கள். புள்ளிவிவரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

1991 ஆகஸ்டில் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றது. 1992 ஜூனில் எட்டு குரோனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்ற நிலையான மாற்றுவீதத்துடன் சொந்த நாணயம் வந்தது. 1994இல் எல்லோருக்கும் ஒரே 26 விழுக்காடு வருமான வரி நடைமுறைக்கு வந்தது. இந்தச் சீர்திருத்தங்களைப் புகழ்வோர் பலர். அவற்றுக்கு மக்கள் கொடுத்த விலையும் அதே வரியில் பதிவாக வேண்டும்: ரூபிளில் சேமித்தவை கரைந்தன, 1994இல் ஆண்களின் சராசரி ஆயுள் 61ஐ ஒட்டிய நிலைக்கு விழுந்தது, தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிற்று.

வருமானமும் விலைவாசியும்

வாங்கும் திறன் அடிப்படையில் எஸ்தோனியாவின் தலா உற்பத்தி 1990களின் நடுவில் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருந்தது. இன்று அது ஐந்தில் நான்கு பங்கை ஒட்டியிருக்கிறது. பின்லாந்து சராசரிக்குச் சற்று மேலே நிற்கிறது. 2024இல் எஸ்தோனியாவின் சராசரி மாதச் சம்பளம் வரிக்கு முன் ஏறத்தாழ 2,000 யூரோ. பின்லாந்தில் அதைப்போல் சுமார் இரு மடங்கு. ஆனால் பின்லாந்தில் விலைகளும் வரியும் அதிகம் என்பதால் கைக்கு எஞ்சும் வேறுபாடு அதைவிடக் குறைவு. பின்லாந்தில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்றில்லை; துறைவாரியாகத் தொழிற்சங்கங்கள் பேசி முடிக்கும் ஒப்பந்தங்களே அதைத் தீர்மானிக்கின்றன. எஸ்தோனியாவில் தொழிற்சங்கங்கள் வலுவற்றவை. அரசு விதிக்கும் குறைந்தபட்சத் தொகைதான் அடித்தட்டுத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு. 2022இல் பணவீக்கம் பின்லாந்தில் 7 விழுக்காடாக இருந்தபோது எஸ்தோனியாவில் 19 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரே யூரோவைப் பயன்படுத்தும் இரு நாடுகளில் இவ்வளவு வேறுபாடு!

கல்வி

2000, 2003, 2006ஆம் ஆண்டுகளில் பல நாட்டு மாணவர்களுக்கு நடத்தப்பட்ட பீசா தேர்வுகளில் பின்லாந்து பெற்ற இடம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழ் இன்னும் பேசப்படுகிறது. மதிப்பெண்களோ வேறு கதை சொல்கின்றன. 2022 கணிதத் தேர்வில் எஸ்தோனிய மாணவர்கள் 510 மதிப்பெண் பெற்றனர், பின்லாந்து மாணவர்கள் 484. வாசிப்பிலும் அறிவியலிலும் எஸ்தோனியாவே முன்னிலை. பள்ளிகளைக் கணினிமயமாக்க 1996இல் தொடங்கிய ‘புலிப் பாய்ச்சல்’ திட்டத்தை இதற்குக் காரணமாகச் சொல்வதுண்டு. பள்ளிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் உள்ள சுதந்திரத்துக்கே அதிக எடை தர வேண்டும். ஆனால் எஸ்தோனியாவிலுள்ள ரஷ்ய மொழிப் பள்ளிகளின் மாணவர்கள் பின்தங்கியே வந்துள்ளனர். 2024 முதல் அப்பள்ளிகள் படிப்படியாக எஸ்தோனிய மொழிக்கு மாற்றப்படுகின்றன.

உடல்நலம்

பின்லாந்தின் சராசரி ஆயுள் 82ஐ ஒட்டியது, எஸ்தோனியாவில் 79ஐ ஒட்டியது. பெண்களிடையே வேறுபாடு சிறிது, ஆண்களிடையே பெரிது. பின்லாந்தும் நெடுங்காலம் நலமாக இருந்த நாடல்ல. 1960களில் அதன் ஆண்கள் இதயநோயால் இறந்த விகிதம் உலகில் முன்னணியில் இருந்தது. 1972இல் வட கரேலியாவில் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம் வெண்ணெய், உப்பு, புகையிலை மூன்றையும் ஊர் ஊராகச் சென்று குறைத்தது. நாடு முழுவதும் அது பரவியது. எஸ்தோனியாவின் இப்போதைய ஏற்றம் அதைவிட வேகமானது, மருத்துவச் செலவோ குறைவு. காத்திருப்பு நேரம் இரு நாடுகளிலும் மக்களின் முதல் குறை. 2023இல் பின்லாந்து நகராட்சிகளிடமிருந்த மருத்துவப் பொறுப்பைப் புதிய வட்டார அமைப்புகளுக்கு மாற்றியது.

மின்னணு நிர்வாகத்தில் எஸ்தோனியாவே ஆசிரியர், பின்லாந்து மாணவர். 2001இல் எஸ்தோனியா உருவாக்கிய ‘எக்ஸ்-ரோடு’ என்னும் தரவுப் பரிமாற்றக் கட்டமைப்பைப் பின்லாந்தும் ஏற்றது. 2019 தொடக்கத்திலிருந்து ஹெல்சிங்கி மருத்துவர் எழுதும் மின்னணு மருந்துச்சீட்டுக்குத் தாலின் மருந்துக்கடையில் மருந்து கிடைக்கிறது.

முதுமை

இந்த ஒப்பீட்டில் மிக ஆழமான பிளவு இங்கேதான். உழைக்கும் வயதில், குறிப்பாகத் தாலினில் நல்ல படிப்புடன் இருப்பவருக்கு, இரு கரைகளின் வாழ்வும் இன்று நெருங்கிவிட்டது. குழந்தை பிறந்தபின் எஸ்தோனியா தரும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு ஒரு வருடத்துக்கும் மேல் நீள்கிறது. அதில் அது பின்லாந்துக்கு இளைத்ததல்ல. ஆனால் 65 வயதைக் கடந்தோரில் வறுமை அபாயக் கோட்டுக்குக் கீழே இருப்போரின் பங்கு எஸ்தோனியாவில் கடந்த சில ஆண்டுகளில் 40 விழுக்காட்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக உயர்ந்த நிலைகளுள் ஒன்று. பின்லாந்தில் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கோடு நாட்டின் இடைநிலை வருமானத்தை ஒட்டி வரையப்படுவது. சொந்த வீடு கணக்கில் சேர்வதில்லை. 1990களில் சோவியத் காலத்து அடுக்குமாடி வீடுகள் குடியிருந்தோருக்கே உரிமையாக்கப்பட்டதால் தாலினின் லாஸ்னமே பகுதியிலுள்ள முதியவர்கள் பலரும் வாடகை கட்டுவதில்லை. இதையெல்லாம் கழித்தாலும் குளிர்காலச் சூடேற்றக் கட்டணம் அவர்களது ஓய்வூதியத்தைக் கடிக்கிறது. முதியோர் இல்லக் கட்டணம் சராசரி ஓய்வூதியத்தை மீறியதால் 2023 ஜூலையில் பராமரிப்புச் செலவின் ஒரு பகுதியை உள்ளாட்சிகள் ஏற்கும் சட்டம் வந்தது.

பின்லாந்தின் வலு பழையது. தேசிய ஓய்வூதியச் சட்டம் 1937இல் வந்தது. வருமானத்தை ஒட்டிய ஓய்வூதியம் 1962இல் தனியார் துறை ஊழியர்களுக்கு வந்தது. அதே காலத்தில் எஸ்தோனியர்கள் உழைத்த ஆண்டுகளை ஏற்றிருந்த அரசே 1991இல் இல்லாமற்போயிற்று. இன்றைய எஸ்தோனிய முதியவரின் வறுமையைச் சோம்பலாகவோ திட்டமிடாமையாகவோ பார்ப்பது பெரும் அநீதி.

இடம்பெயர்வு

2018 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கைகளில் பின்லாந்து தொடர்ந்து முதலிடத்தில் இருக்கிறது. இருப்பினும் 2010களின் இறுதியிலிருந்து, பின்லாந்தில் கட்டட வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் போன எஸ்தோனியர்களில் திரும்புவோரின் எண்ணிக்கை உயர்ந்தது. இன்றும் பின்லாந்திலுள்ள வெளிநாட்டினரில் எஸ்தோனியர் பெரிய குழுக்களில் ஒன்று. வாரத்தில் சில நாள் அங்கே உழைத்து, குடும்பத்தை எஸ்தோனியாவில் வைத்திருப்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூகப் பாதுகாப்பு விதிகளின்படி இவர்கள் பின்லாந்தில் உழைத்த ஆண்டுகளுக்கான ஓய்வூதியத்தைப் பின்லாந்தே தருகிறது, வசிப்பது எஸ்தோனியாவில் என்றாலும்.