கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக் காவலும் துப்பாக்கியும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையும் மறுபுறம் வருசநாட்டு மலைகளும் சூழ, நடுவில் முல்லையாறு ஓடும் வேளாண் பகுதி. 1996-இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் பள்ளத்தாக்கு நெடுங்காலம் மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. இரவில் வீட்டருகே ஆள் நடமாட்டம் கேட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இவ்வூர்கள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கண்டன.

பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவல் பாளையத்தின் பொறுப்பு. 1801 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட பிரகடனம் தென்பகுதிப் பாளையங்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாதாரணக் குடியானவன் வீட்டில் தடி இருக்கும், அரிவாள் இருக்கும், துப்பாக்கி இருக்காது. திருடர்கள் மண்சுவரில் கன்னம் வைத்து உள்ளே நுழைந்த காலம் அது. வீட்டில் இருந்ததைவிடத் தொழுவத்தில் கட்டியிருந்த மாட்டுக்கே ஆபத்து அதிகம்.

இந்நிலையில் நிலைத்திருந்தது காவல் முறை. மதுரைச் சீமையின் பல ஊர்களில் பிரமலைக் கள்ளர் காவல்காரர்களாக இருந்தனர். ஊரார் அறுவடையில் ஒரு பங்கைக் காவல் கூலியாகத் தந்தனர். மாடு களவு போனால் அதை மீட்டுத் தருவதற்குத் ‘துப்புக்கூலி’ என்று தனித்தொகை உண்டு. காவல்காரர் சிலரே களவுக்கும் உடந்தை என்று ஊரார் குறைகூறினர். ஆங்கிலேய அதிகாரிகளும் அவ்வாறே எழுதினர். ஆனால் அந்தக் குறிப்புகளைப் படிக்கும் மாணவர்கள், அவற்றில் காவல்காரரின் தரப்பு ஏறக்குறைய இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1896-இல் இம்முறைக்கு எதிராகத் திண்டுக்கல் தாலுகாவில் ஓர் இயக்கம் தொடங்கியது. அம்மையப்பக் கோன் என்பவர் இதன் தொடக்கக்காரராகக் குறிக்கப்படுகிறார். இயக்கம் பழனி, பெரியகுளம் தாலுகாக்களுக்கும் பரவியது. குடியானவர்கள் கூடி, பழைய காவல்காரரை இனி அமர்த்துவதில்லை என்று கலப்பைக் கொழுவின் மேல் சத்தியம் செய்தனர். மாடு பறிகொடுத்தவருக்கும் வீடு எரிந்தவருக்கும் ஈடு தர ஊர்நிதி திரட்டினர். தங்களுக்குள்ளேயே ஆள் வைத்து இரவில் ரோந்து சுற்றினர். ஊருக்கு ஊர் கொம்பு வைக்கப்பட்டது. களவு நடந்தால் ஓர் ஊரில் கொம்பு ஊதுவர். அடுத்த ஊர் அதைக் கேட்டுத் தன் கொம்பை ஊதும். ஓசை கேட்டும் வெளியே வராதவருக்கு அபராதம் உண்டு. இந்த அபராதம்தான் ஏற்பாட்டின் அச்சாணி எனலாம். அடுத்த வீட்டில் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வது அன்றும் மனித இயல்பே.

ஆனால் இதே இயக்கம் களவு செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. கள்ளர் வீடுகள் தாக்கப்பட்டன, சில தீக்கிரையாயின. பல குடும்பங்கள் நிலத்தை விற்று ஊரைவிட்டு வெளியேறின. சந்தேகம் ஆள்மேல் இருந்து சாதிமேல் மாறியதன் விளைவு இது. அரசும் அவ்வழியே சென்றது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் பிரமலைக் கள்ளர்மேலும் பாய்ந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்து உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று திரண்ட மக்கள்மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மாயக்காள் என்ற பெண் உட்படப் 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் பெற இச்சட்டம் இடம் தருகிறது. மலையடிவாரத் தோட்டங்களுக்கு இது பொருந்தும். இத்துப்பாக்கியைப் பற்றிச் சினிமா தரும் எண்ணம் தவறானது. கருமருந்தும் பால்ரஸ் குண்டும் இட்டுக் கெட்டிக்க நேரம் பிடிக்கும். சுட்டால் குண்டுகள் சிதறும். ஒரே கூடத்தில் குழந்தைகளும் படுத்திருக்கும் வீட்டில் அவை யார்மேல் படும் என்று சொல்ல இயலாது. கெட்டித்தே வைத்திருப்பது இன்னும் ஆபத்து. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்போருக்குப் பாதுகாப்புப் பயிற்சியையும், ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதாக உறுதிமொழியையும் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

உரிமம் இருந்தால் வீட்டில் நுழைந்தவனைச் சுடலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் தற்காப்பு உரிமையை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையான பிரிவுகள். கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றில் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இவ்வுரிமை நீளக்கூடும். ஆனால் இரண்டு வரம்புகள் உண்டு: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, அதிகாரிகளை நாட நேரம் இருந்தால் உரிமையே எழாது. பொருளைப் போட்டுவிட்டு முதுகு காட்டி ஓடுபவனைச் சுட்டவர், ஆபத்து நீங்கிய பின் சுட்டதற்காக நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இருட்டில் அசைந்த உருவம் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திரும்பும் மகனாகவும் இருக்கலாம்.

ஆகவே துப்பாக்கி வைத்திருப்பவரும் சத்தம் கேட்டவுடன் செய்யத்தக்கவை எளியவை: வீட்டாரை ஓர் அறையில் சேர்த்துத் தாழிடுதல், விளக்கைப் போட்டுக் குரல் கொடுத்தல், பெயர் சொல்லி யாரென்று கேட்டல், 100 அல்லது 112-க்கு அழைத்தல், தேடிக்கொண்டு வெளியே போகாதிருத்தல். 1896-இல் கொம்பு செய்த வேலையைத்தான் இன்று தொலைபேசி செய்கிறது. தெருவில் ஆள் கூடுவதற்கு மட்டும் இப்போது அபராதம் இல்லை.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு உத்தரவு வருவது வழக்கம். ரசீது பெற்று, வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகே திரும்ப வாங்க வேண்டும். அந்த வாரங்களில் உரிமம் உள்ள தோட்டக்காரர் வீட்டுக்கும் தாழ்ப்பாளும் நாயும் அக்கம்பக்கத்தாருமே காவல்.